பெனால்டிக்கு முதுகு காட்டியவர்

என் வீட்டில் ஆறு சுவர்க் கடிகாரங்கள் இருக்கின்றன. ஆறும் ஆறு நேரம் காட்டும். ஆறு கால்பந்து கிளப்புகள் என் வீட்டுக்காரரை மேனேஜர் வேலையிலிருந்து அனுப்பும்போது ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை. வேலையைப் பிடுங்குகிறவர்கள் கையில் ஏன் கடிகாரத்தைத் திணிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் ஒரு காலத்தில் நாட்டுக்காக ஆடியவர். அவர் போட்ட கோல்களை எண்ண என் இரண்டு கை விரல்கள் போதாது. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது அவர் போடாத ஒன்றுதான். இறுதி ஆட்டம், கடைசி பெனால்டி. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி அவர் காலடிக்கே வந்து நின்றது. அன்றிலிருந்து அவருக்குக் ‘கம்பம்’ என்று பெயர். மளிகைக் கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துக்கொண்டே, "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி அடிச்சிருக்கலாம் சார்" என்பார். அந்தக் கடைக்காரர் வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை.

மேனேஜர் ஆன பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. தன் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். இரண்டு காதிலும் விரல். கோல் விழுந்தாலும் கூட்டம் கத்தும், கோட்டை விட்டாலும் கத்தும், சத்தத்தை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. கண் மட்டும் கேலரியில் என் முகத்தின் மேல் இருக்கும். நான் சிரித்தால் கோல். உதட்டைப் பிதுக்கினால் இல்லை. வருஷக்கணக்காக இதுதான் என் உத்தியோகம். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. காய்ச்சலோடு போய்ச் சிரித்திருக்கிறேன். காலையில் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும் பெனால்டிக்காகப் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

"நீங்களே ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்னங்க?" என்று கேட்டால், "பாத்தா அந்தப் பழைய பந்துதான் தெரியும்" என்பார். இருபது தடியன்களைக் கட்டி மேய்க்கிற மனுஷன், ஊசிக்குப் பயந்த குழந்தை மாதிரி நிற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இப்போது இருப்பது ஏழாவது கிளப். சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம். டிரா ஆனால்கூட இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். கிளப் தலைவர் பெயிண்ட் கடை முதலாளி. அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஜெயிச்சா நீங்க இருக்கீங்க. இல்லேன்னா வேற ஆளப் பாக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க." ஏழாவது கடிகாரம் மாட்ட என் வீட்டில் சுவர் இல்லை. எட்டாவது கிளப் கூப்பிடுகிற வயதையும் என் வீட்டுக்காரர் தாண்டியாயிற்று. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று காலை பார்த்துத்தானா என் கடைவாய்ப் பல்லுக்கு வேளை வர வேண்டும்? இடது கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. அவர் எப்போதோ கிளப்புக்குக் கிளம்பியிருந்தார். ஆட்ட நாளில் போனையும் அணைத்துவிடுவார். பல் டாக்டர் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார்.

"கொஞ்ச நேரம் மரத்துப் போயிருக்கும்மா. அப்புறம் வலிக்கும், மாத்திரை போட்டுக்குங்க" என்றவர், நான் வாயில் பஞ்சோடு எழுந்தபோது, "அன்னிக்கு சார் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி அடிச்சிருக்கலாம்" என்றார். கோபத்தில் மாத்திரையை அங்கேயே மறந்துவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். இன்றைக்கென்று பெனால்டி வந்துவிடவா போகிறது என்று ஒரு தைரியம்.

கேலரியில் எனக்கு முன் வரிசையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பளபளக்கும் தாள் சுற்றிய சதுரப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆள் உயிரோடு இருக்கும்போதே பாடை கட்டுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் பெனால்டி வந்தது. அடிக்கப் போனவன் வாத்து. நடையைப் பார்த்து வைத்த பெயர். பந்து காலுக்கு வந்துவிட்டால் அந்த நடை காணாமல் போய்விடும். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் திரும்பினார். காதில் விரல். கண் என் மேல். வாத்து அடித்தான், வலை குலுங்கியது, நான் சிரித்தேன்.

அதாவது, சிரித்ததாகத்தான் நான் நினைத்தேன். என் வலது பாதி மட்டும்தான் சிரித்திருக்கிறது. இடது பாதி, ஓரத்தில் எச்சில் ஒழுக, துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தது. கீழே நின்றவருக்கு அந்தப் பாதிதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் செத்துப்போனது. தண்ணீர் பாட்டில் கூடையை ஓங்கி ஒரு உதை விட்டார். அது கோட்டோரம் நின்ற துணை நடுவரின் முழங்காலில் போய் இறங்கியது. மஞ்சள் அட்டை. அதற்குள் வாத்து கைகளை விரித்துக்கொண்டு அவரிடம் ஓடி வந்தான். அவனைக் கட்டிப் பிடித்து, முதுகைத் தடவி, ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"விட்றா. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க. நீ காதுல வாங்காத."

வாத்து திருதிருவென்று விழித்தான். "சார், கோல் சார்."

"தெரியும்டா. போனது போகட்டும்."

பிறகுதான் ஸ்கோர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இடது கன்னத்தைத் தொட்டு, பல்லைப் பிடுங்குவது போல ஜாடை காட்டினேன். அவர் யோசித்துத் தலையாட்டிவிட்டு, இடது பக்கத் தடுப்பாட்டக்காரனை வெளியே பிடுங்கிப் போட்டார். சொந்தப் பெண்டாட்டி யோசனை சொன்னால் வீட்டில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா இந்த மனுஷன்?

இரண்டாம் பாதியில் எதிரணி அந்த இடது பக்கமாகவே நுழைந்து ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. தலைவர் பெட்டியின் ரிப்பனை நீவிவிட்டுக்கொண்டார்.

கடைசி நிமிடத்தில் மறுபடியும் நமக்குப் பெனால்டி. மறுபடியும் வாத்து. பந்தை வைக்கப் போகும்போதே அவனுக்கு வாத்து நடை வந்துவிட்டது. ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள் என்று காதில் ஓதியாயிற்றே. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

கோல் விழுந்தால் பாதி அழுகிற முகம், விழாவிட்டால் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. இந்த முகத்தை நம்பி அவரை நிற்க விடக்கூடாது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். விரல் இடுக்கில் பார்த்தேன். அவர் காதிலிருந்து விரலை எடுத்து, "கையை எடு" என்று ஜாடை செய்தார். மாட்டேன் என்று தலையாட்டினேன். கெஞ்சினார். அப்போதும் எடுக்கவில்லை. நடுவர் விசில் ஊதினார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மெல்ல மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

வாத்து அடித்தான். கம்பம். பந்து திரும்பி அவன் காலடிக்கே வந்து நின்றது. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

வாத்து புல்லில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர் உள்ளே நடந்து போனார். ஆறுதல் வார்த்தையெல்லாம் முதல் பெனால்டிக்கே செலவாகிவிட்டதால் அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அவர் காலடியில் பந்து வந்து நின்றபோது ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. தனியாகத்தான் நடந்து வெளியே வந்தார். நான் கேலரியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஊசியின் வேகம் இறங்கியது. தாடை தெறித்துவிடும் போல ஒரு வலி. இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது. பெட்டியோடு எழுந்து திரும்பிய தலைவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, அழாதீங்கம்மா."

பல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு ஓலம்தான் வந்தது.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லம்மா" என்றார். பெட்டி முதுகுக்குப் பின்னால் போனது. என் வீட்டுக்காரர் மேலே வந்ததும், "ஒரு வருஷம் பாப்போம் சார். கீழ போன டீமை மேல கொண்டுட்டு வாங்க" என்றார். கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல், முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த துணை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

காரில் வரும்போது என் வீட்டுக்காரர் தனக்குத்தானே சிரித்தார். "இவ்ளோதானா?"

"எது?"

"கம்பத்துல பட்டா டொக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான். இதுக்கா இத்தன வருஷம் திரும்பி நின்னேன்?" கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "எனக்காகவா அழுத?"

"பல்லுக்கு."

"அப்படியா?" என்று வண்டியை மருந்துக் கடைப் பக்கம் திருப்பினார்.

பிடுங்கிய பல் இடது பக்கம். வலது கண் எதற்கு அழுதது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.