மூன்று கோடு போட்ட மீன்

"இதப் போட்டுப் பாக்கலாமா? நல்லா மின்னுது" என்று கேட்டபடி பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த தொப்பிக்காரர் வெள்ளி நிறப் பொய்மீன் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முதலாளியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். பிளாஸ்டிக் மீனின் வயிற்றுக்குள் இருந்த குண்டுகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன.

முதலாளி தலையைச் சாய்த்து யோசித்தார். "தண்ணி கலங்கலா இருக்கே. மஞ்சள்தான் சரிப்படும்."

"கலங்கல் தண்ணிக்கு மஞ்சள், கரெக்ட். ஆனா இன்னிக்கி வெயில் அடிக்குதே."

இரண்டடி தள்ளிப் புல்லில் ஜெயமேரி நின்றிருந்தாள். அவர்கள் மீன் பிடிக்க வந்திருக்கவில்லை. நேற்று மாலையிலிருந்து இந்த எஸ்டேட் ஏரிக்குள் கிடக்கும் அவளுடைய அப்பா சிங்கராயரை வெளியே எடுக்கத்தான் இத்தனை ஆலோசனையும் நடந்துகொண்டிருந்தது.

சேலத்திலிருந்து தீயணைப்பு வண்டி நாளைக்குத்தான் வருமாம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. இன்னொரு வழியான குப்பனூர் ரோட்டிலும் மரம் விழுந்து கிடந்தது. எஸ்டேட் ஆள் சென்றாயன் விடியற்காலையிலேயே மூன்று முறை முங்கிப் பார்த்துவிட்டு, இப்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் பல் கிட்டி உட்கார்ந்திருந்தான். கிணற்றில் விழுந்ததை எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி வீசினார்கள். அது பாதி தூரம்கூடப் போகவில்லை. ஏரியிலிருந்த ஒரே பரிசல் போன வருஷமே ஓட்டை விழுந்து கரையில் கவிழ்ந்து கிடந்தது. தூண்டில் கம்பால் வீசினால்தான் நடு ஏரிக்கு எட்டும்.

அப்பாவின் துண்டு நாற்பதடி தள்ளி நடு ஏரிப் பாறையில் ஒட்டிக் கிடந்தது. சாயங்காலம் கரையில் கால் கழுவப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று முதலாளி சொல்லியிருந்தார். கரையில் வழுக்கி விழுந்தவருடைய துண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவர் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மரியஅந்தோணி ஒருவர்தான். அவர் காலையிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பங்களா சமையற்காரர் பிளாஸ்கில் காப்பியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தார். தொப்பிக்காரர் முட்டையை உரித்து ஓட்டைத் தண்ணீரில் போட்டார். அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே, "பத்து பவுண்டுல மீன் ஒண்ணு நேத்து எங்கிட்டயே வந்து திரும்பிப் போச்சு, தெரியுமா" என்றார் முதலாளியிடம். வாயில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

என்ன பிறவியோ!

அந்த ஏரியில் பாஸ் என்னும் சீமை மீனை விட்டுவிட்டுப் போனது பழைய வெள்ளைக்காரத் துரை. அதைப் பிடிக்க இந்த முதலாளியின் விருந்தாளிகள் மாதம் ஒருமுறை வருவார்கள். பெட்டியைத் தூக்குவது சிங்கராயர். எந்த இடத்தில் எதை வீச வேண்டும் என்று சொல்வதும் அவர்தான். பொய்மீனின் வாய்க்குக் கீழே கண்ணாடி போல ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு நீளமும் அகலமுமாக இருந்தால் ஆழத்துக்குப் போகும், குட்டையாக இருந்தால் மேலாக நீந்தும். அவர் ஒவ்வொரு நாக்கிலும் ஆணியால் கோடு கீறி வைத்திருந்தார். ஓர் ஆள் ஆழம் போவதற்கு ஒரு கோடு, இரண்டு ஆள் ஆழத்துக்கு இரண்டு. மூன்று கோடு போட்டவை இரண்டே இரண்டுதான் இருந்தன, ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. விருந்தாளிகள் போனபிறகு பெட்டி கூலியாட்கள் குடியிருப்பிலிருந்த அவருடைய லைன் வீட்டுக்கு வரும். பொய்மீன்களின் தூண்டில் முள்ளுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தடவி வைப்பது சின்ன வயதிலிருந்தே ஜெயமேரியின் வேலை.

"பாஸ் மீனு அசையறதத்தான் கடிக்கும், கண்ணு. அசையாததத் தொடாது" என்று அப்பா சொல்வார். ராத்திரி முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஏரியில் நண்டும் இருந்தது. நண்டுக்கு அப்படி எந்த நியாயமும் கிடையாது. இன்னொரு ராத்திரி அவரைத் தண்ணீரில் விட்டால் முகம் இருக்காது. அம்மா சாந்தாமேரிக்கு அந்த முகத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தொப்பிக்காரர் வெள்ளி மீனை வீசினார். அது பளபளவென்று மேல்தண்ணீரிலேயே நீந்தி வந்தது. மஞ்சளை வீசினார். அதுவும் அப்படியே. "ஆக்‌ஷன் பிரமாதமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டார்.

ஜெயமேரி முன்னால் வந்தாள். "ஏனுங்க, அது ஒரு கோடுங்க. ஓராள் ஆழம்தான் போகும். பாறைக்கிட்ட மூணாள் பள்ளமுங்க."

"மஞ்சள் கலர்ல அப்படி ஆழத்துக்குப் போறது இருக்காம்மா?" என்றார் தொப்பிக்காரர்.

"எங்கப்பா நெறம் பாத்துக் கடிக்க மாட்டாருங்க."

ரைட்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொப்பிக்காரருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் குனிந்தாள். மூன்று கோடு போட்டவற்றின் அறையில் கறுப்பு மட்டும் கிடந்தது. பச்சை இருந்த இடம் காலி. போன மாதம் அவளே எண்ணெய் தடவி அங்கே வைத்தது. பொய்மீன் ஏரி அடியில் எங்காவது மாட்டிக்கொண்டால் நீந்திப் போய் எடுத்து வருவதும் அப்பாவின் வேலை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவள் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள். அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு கறுப்பு மீனை எடுத்து, நாக்கிலிருந்த மூன்று கோட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"பாறையத் தாண்டி வீசுங்க. தூண்டில் நரம்ப நல்லா விட்டுட்டு, மெதுவா இழுங்க. அடியில தட்டுச்சுன்னா நிறுத்துங்க, அதுவே மெதந்து வெலகிக்கும். அப்பறம் இழுக்கலாம்."

நான்காவது வீச்சில் பாசி வந்தது. ஏழாவது வீச்சில் ஒரு குச்சி வந்தது. ஒன்பதாவதில் கம்பு வில்லாக வளைந்தது.

"மாட்டிருச்சு!" தொப்பிக்காரர் துள்ளினார். "பெருசு! நல்ல பெருசு!"

சொன்ன பிறகும் அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த சாந்தாமேரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சென்றாயன் கம்பளியை உதறிவிட்டு ஓடி வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றான்.

சிங்கராயர் முதுகு மேலாக வந்தார். கறுப்பு மீன் அவருடைய கால்சட்டை இடுப்பில் மாட்டியிருந்தது. இரண்டு கால்களிலும் நைலான் நரம்பு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. சென்றாயன் அதைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், பிறகு இடுப்பிலிருந்த கத்தியால் நரம்பை அறுத்தான்.

"கால் கழுவப் போய்த்தான் வழுக்கியிருக்கு" என்றார் முதலாளி ரைட்டரிடம். "ஏட்டு வந்தா அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க."

"சரிங்க" என்றார் மரியஅந்தோணி.

புரட்டிப் போட்டார்கள். முகம் ஊறி வெளுத்திருந்தது. ஆனால் முகம் இருந்தது. வலது கை இறுக மூடியிருந்தது, விரல்களுக்கு நடுவே ஒரு பச்சை வால் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் மலைமேல் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போனார். லைன் வீட்டில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார்கள். பக்கத்து வீட்டு அற்புதம் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு முள் உள்ளங்கையில் ஆழமாக ஏறியிருந்தன.

"விடு, வலிக்கும்" என்றாள் சாந்தாமேரி.

அந்தக் கையின் மேலேயே ஜெபமாலையைச் சுற்றி அவரைச் சவப்பெட்டியில் வைத்தார்கள். பங்குச் சாமியார் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றரைக்கு முதலாளியின் ஜீப் வந்து நின்றது. முதலாளி ரோஜா மாலையோடு இறங்கினார். பின்னாலேயே தொப்பிக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இந்த மட்டுக்காவது மரியாதை தெரிகிறதே என்று ஜெயமேரி நினைத்தாள்.

முதலாளி மாலையைப் போட்டார். கண்ணை மூடி நின்றார். பிறகு அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நொம்ப நல்ல மனுசன்மா உங்கப்பா. என்ன வேணும்னாலும் பங்களாவுக்கு வா." தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கேக்கோணும். அந்தப் பச்ச மீனு இவரு எனக்குப் பரிசாக் குடுத்தது. அமெரிக்காவுல இருந்து இவரு மச்சான் கொண்டாந்தது. இங்க எங்க தேடுனாலும் கெடைக்காது…"

வீட்டிலிருந்த அத்தனை பெண்களும் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். மெழுகுவர்த்தி பொரிகிற சத்தம் கேட்டது. இவர்களிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று ஜெயமேரிக்குப் பட்டது. அந்தக் கையைக் கண்ணால் பார்த்தால் தெரியும், பார்த்தால் எந்த மனுஷனும் திரும்பிப் போய்விடுவான்.

"எங்கப்பா கையிலதானுங்க இருக்குது. எடுத்துக்குங்க" என்றாள்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

தொப்பிக்காரர் அவரைத் தாண்டி முன்னால் வந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தார்.

"எந்தக் கையில?"

ஜெயமேரி பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அப்பாவின் வலது கையிலிருந்து ஜெபமாலையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, இடது கையில் சுற்றினாள்.