ஒன்றரை அங்குலம்

தணிகாசலம் ஒரு வாளித் தண்ணீரைப் புதுக் கமோடில் ஊற்றினார். பாதித் தண்ணீர் போக வேண்டிய வழியில் போயிற்று. மீதி அடியில் கசிந்து, புதுத் தரையில் அவர் காலைத் தேடி வந்தது. நாற்றமும் கூடவே வந்தது.

இன்று திங்கள். வியாழக்கிழமை மனைவி ஜெயம்மாள் வருகிறாள்.

இதே கக்கூசின் பழைய வழுக்குத் தரையில்தான் அவள் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதமாக அங்கே தங்கை வீட்டில் படுக்கை. எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை. "வீட்டுக்கு வந்து, தாப்பா போட்டுக்கினு நானே தனியா போய் வரணும். வேற ஒண்ணும் வேணாங்க" என்று போன மாதம் இவர் பார்க்கப் போனபோது அவள் கண் கலங்கினாள்.

அதற்காகத்தான் கமோடு, அதற்காகத்தான் வழுக்காத டைல்ஸ். ஆனால் முப்பது வருஷம் பட்டு நெய்தவர் கையில் ஒரு தரை கிடைத்தால் சும்மா விடுவாரா? மஞ்சள் உடல், சுற்றிலும் அரக்குக் கரை, மூலைக்கு மூலை பிசிறில்லாமல் சேர வேண்டும். பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் போடலாம் என்று கொத்தனார் கோதண்டபாணி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "பேத்தா மட்டம் போயிடும், கரை கோணிக்கும்பா. மேலயே ஒட்டு" என்றார் இவர். நீளத்தை மூன்று முறை அளந்தார். அகலத்தை நான்கு முறை. உயரத்தை அளக்கவே இல்லை. புடவைக்கு ஏது உயரம்?

கோதண்டபாணி வந்து, கமோடைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் குழாய் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னாண்ணா, தரை ஒன்றரை இஞ்சு ஏறிப்போச்சு. குழாய் வாய் பழைய இடத்துலயே இருக்குது. கமோடு அதுக்கு எட்டவே இல்ல. சுத்தி உடைச்சி, குழாய் மேல புதுக் காலர் வளையம் மாட்டி, வாயை மேல தூக்கணும்."

"சிமெண்டு வச்சி அடைச்சுட முடியாதா?"

"அடைக்கலாம். ரெண்டு மாசம் தாங்கும். அப்பறம் அண்ணி கால்கிட்டயே ஊறிக்கினு இருக்கும்."

"எதை உடைக்கணும்?"

கோதண்டபாணி தொட்டுக் காட்டினார். சுவரோரக் கரையின் நட்டநடுவில் இரண்டு அரக்குக் கற்கள். அந்த நிறம் கடையில் தீர்ந்துவிட்டது தணிகாசலத்துக்குத் தெரியும். குனிந்து அந்த இரண்டு கற்களையும் கையால் ஒரு முறை துடைத்தார். பிறகு உளியை வாங்கி, முதல் அடியைத் தானே அடித்தார்.

புதுக் காலரின் சந்தில் திணிக்கத் தார் தோய்த்த சணலைக் கொத்தனார் எடுத்தபோது, "முறுக்கு போதாதுபா, குடு" என்று தணிகாசலம் வாங்கித் தொடையில் வைத்து முறுக்கிக் கொடுத்தார். கை முழுக்கத் தார். மேலே சிமெண்டு பூசி, ஈரச் சாக்குப் போட்டு இரண்டு நாள் காத்தார்கள். புதன் மாலை கமோடைப் பொருத்தி, மறுநாள் காலை ஆறு வாளி ஊற்றினார்கள். தரை காய்ந்தே கிடந்தது.

மத்தியானம் ஜெயம்மாள் வீடு வந்து, கோலூன்றிக் கக்கூசுக்குள் நுழைந்தாள். இந்த வீட்டில் நெய்த ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் பிடித்துக் குற்றம் பார்த்தவள் அவள்தான். கண் நேரே அங்கே போயிற்று. இரண்டு கல் அளவுக்குச் சாம்பல் நிறச் சிமெண்டு.

"ஏங்க, கரை அறுந்துக்கினு இருக்குதே?"

"ஆமா. நான்தான் அறுத்தேன்."

அவள் அவருடைய தார் படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"சரி, வெளியே போங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தணிகாசலம் நகராமல் நின்றார். முப்பது வருஷத்தில் எந்தப் புடவையைத் தறியிலிருந்து இறக்கியபோதும் அவருக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

"அங்கயே நின்னுக்கினு இருக்காதீங்க, போங்க!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு திட்டு வாங்கிக்கொண்டு, தணிகாசலம் சந்தோஷமாக நகர்ந்தார்.