கேட்காத கேள்வி

எங்கள் ஊர்க் கடையில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஜன்னலில் இருப்பவள் நான். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'பணம் வாங்குபவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?' வாய்விட்டுக் கேட்டு, பதிலைக் குறிக்க வேண்டும். நான் கேட்டதே இல்லை. பனியில் கார் சிக்கினால் ஓடிவந்து இழுத்துவிடுகிறவர்களிடம், பின்னால் வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, சந்தேகப்பட்டுக் கேட்பேனா? நானே 'ஆம்' என்று குறித்துவிடுவேன். இதுதான் எங்கள் வடக்கு டகோட்டா மரியாதை.

ஆர்டென் லோக்கனுக்கும் அப்படித்தான் குறித்தேன், மூன்று முறை. எண்பத்தொரு வயது கோதுமை விவசாயி. மூன்றாம் முறை அவர் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததைக் கவனித்தேன்.

"என்ன ஆர்டென், வெளிநாட்டுல பொண்ணு பாத்து வச்சிருக்கீங்களா?"

"போ பொண்ணே, அந்த வயசெல்லாம் போயாச்சு."

வரிசையே சிரித்தது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள் என்று எவனோ ஒரு பாவி போனில் சொல்லியிருக்கிறான். மறதி நோயோடு முதியோர் இல்லத்தில் இருக்கும் மனைவி இங்காவை வீட்டுக்கே கூட்டிவந்து நர்ஸ் வைக்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. போனது அவளுடைய அறைக்கான பணம். அது திரும்பி வராவிட்டால் அவளை நூறு மைல் தள்ளி வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆர்டெனுக்குக் கண் மங்கல். அவ்வளவு தூரம் கார் ஓட்ட முடியாது.

புகார் கொடுத்தார். கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு பெண் வந்தாள். எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படிவங்களைப் பரப்பி, என்னைக் காட்டி ஆர்டெனிடம் பேசினாள்.

"டெல்மா உங்ககிட்ட கேக்காமலே குறிச்சிருந்தா தப்பு எங்களோடது, முழுப் பணமும் திருப்பிக் குடுத்துடுவோம். கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டாங்களா?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். என் வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆர்டென் என் முகத்தையே பார்த்தார்.

"கேட்டா. மூணு தடவையும் கேட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் என் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை அவரே சுரண்டிவிட்டார். "வழுக்கும், பாத்து ஓட்டு" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த மாதமே இங்காவை மாற்றிவிட்டார்கள். இப்போது எல்லாரிடமும் கடை முழுக்கக் கேட்கும்படி அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

ஞாயிறுதோறும் ஆர்டெனை இங்காவிடம் கூட்டிப்போவது நான்தான். இறங்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொல்கிறார்.