இபாகாவின் வாசற்படி

தலைநகரம் விழுந்துவிட்டது, பேரரசரே வடக்கே ஓடிவருகிறார் என்ற செய்தி கேட்டு வடக்குப் புல்வெளியின் கெர்லன் ஆற்றங்கரையே தலையிலடித்துக்கொண்டு அழுதது. இபாகா மட்டும் அழவில்லை. பன்னிரண்டு வருசமாக அந்த நகரத்தில் உட்கார்ந்திருந்த புருசன் போரோல்தாய் இனி எங்கே போவான்? வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்!

மறுநாளே பக்கத்துக் கூடாரத்து ஒர்கானா பால் வாளியோடு வந்து நின்றாள்.

"உன் வீட்டுக்காரர் வர்றாராம். வண்டியில ஒரு புதுப்பொண்டாட்டியாம். பட்டுல பொதிஞ்சு கொண்டாராராம்."

"வரட்டுமே. எனக்கென்ன?"

"உனக்கொண்ணுமில்லதான். மூஞ்சி ஏன்டி இப்படிச் செவக்குது?"

பனியில் ஆடு செத்தபோதும், ஓநாய் குட்டிகளைத் தின்றபோதும் ஒற்றை ஆளாக நின்றவள் இபாகா. வருசா வருசம் காய்ந்த தயிர்க்கட்டி மூட்டை மூட்டையாக அனுப்பினாள். அதைத் தின்று தெம்பாகி அங்கே ஒரு கல்யாணம்!

அன்றே பழைய வாசற்படியைப் பிடுங்கிவிட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைக் குறுக்கே பதித்தாள். வாசற்படியை மிதிப்பது அந்த வீட்டாரின் கழுத்தை மிதிப்பது மாதிரி. அங்கே தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். நகரத்தில் பிறந்த பட்டுப்பாவைக்கு எங்கே தெரியப்போகிறது?

"என் படியை மிதிச்சது யாரா இருந்தாலும், இந்தக் கையால ஒரு மிடறு பால் கிடையாது. என் அடுப்பு மேல சத்தியம்!" என்று ஊர் கேட்கச் சொல்லியும் வைத்தாள்.

வண்டி வந்தது. போரோல்தாய் தொப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"பாட்டனார் குதிரை மேல போய் உலகத்தைப் பிடிச்சாரு. பேரன் அதை விட்டுட்டு மாட்டுவண்டியில வர்றாரு!" என்றாள் இபாகா. கூட்டம் சிரித்தது. அவன் வெட்கப்பட்டு மாட்டை அவிழ்க்கப் போனான்.

புதுப்பெண் சௌர்பெக்கி வாசலுக்கு வந்தாள். மரத்தைப் பார்த்தாள். பட்டு அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, துளியும் உரசாமல் தாண்டி உள்ளே வந்து அடுப்பை வணங்கினாள். சே!

"யாருடி சொல்லிக்குடுத்தா?"

"அவருதான்க்கா. வீட்டுக்குள்ள கட்டையைப் போட்டுத் தாண்டப் பழக்கினாரு. 'இபாகா காலை ஒடிச்சிடுவா'ன்னு. எந்நேரமும் இபாகா புளிக்கவெச்ச பாலு, இபாகா அடக்கின குதிரை... உங்க பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்!"

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள்! பன்னிரண்டு வருசத்தில் இபாகா காதில் இவ்வளவு இனிப்பாக எதுவும் விழுந்ததில்லை. புருசனுக்கென்றே எடுத்துவைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தில் குதிரைப்பாலை நிறைய ஊற்றினாள்.

"என்னங்க, உள்ள வாங்க!" குரல் அவளை அறியாமலே குழைந்தது.

அந்தக் குரலுக்காகவே காத்திருந்தவன் போல அவன் ஓடிவந்தான். ஓடிவந்த வேகத்தில் ஒரு காலை முழுசாக அந்த மரத்தின் மேலேயே வைத்து ஏறி, உள்ளே குதித்தான்.



"ஐயையோ, அடுப்பு மேல சத்தியம் பண்ணியே இபாகா!" என்றாள் வாசலில் நின்ற ஒர்கானா.

போரோல்தாய் காலைப் பார்த்தான், இபாகாவைப் பார்த்தான், திரும்பி வெளியே போனான். இபாகா கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

"குடுங்கக்கா," என்று சௌர்பெக்கி மெதுவாகக் கையை நீட்டினாள். "நான் சத்தியம் பண்ணலையே. என் வண்டியில வெச்சுக் குடுத்துடறேன்."

கிண்ணத்தைக் கொடுக்காமல் வேறு வழியில்லை. அந்தப் பெண் நிறைந்த கிண்ணத்தை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் அங்கியைத் தூக்கி, முழங்கால் உயர மரத்தை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தாண்டிப் போனாள்.