மருந்துப் பெட்டியில் மிட்டாய்

மாமியாரின் மருந்துப் பெட்டியில் மூன்று நாள் அறைகள் காலியாக இருந்தன. அதைப் பார்த்ததும் பெரிய மருமகள் உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏய், ஓடி வா! சீக்கிரம்!"

அவள் போட்ட கூச்சலில், உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் இவர்கள். மாமியார் சாப்பாட்டு மேசை முன்னால் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, மூணு நாள் மாத்திரையையும் இன்னைக்கே முழுங்கிட்டீங்களா?" பெரியவள் பெட்டியை அவர் முன்னால் நீட்டினாள். சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு அறையிலும் மூன்று மாத்திரை போட்டு நிரப்புவது அவள்தான்.

மாமியார் ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் மருமகளைப் பார்த்தார்.

"மாத்திரை இல்லம்மா. மிட்டாய்."

"என்னது?"

"புதினா மிட்டாய். காலையில வாயில போட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இந்த வீட்டுல எனக்கு யாரு இனிப்பு தர்றா? சொன்னா பிடுங்கிக்குவீங்க. அதான் சொல்லலை."

பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்கக்கூட வாயெடுத்தாள். ஆனால் சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. மிட்டாய் இங்கே இருக்கிறதென்றால், மாத்திரை எங்கே போயிற்று?

போன இடம் அவளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து நடத்துவது ஆன்லைன் கடை. பயணம் போகிறவர்களுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பையில் போட்டு 'கிட்' என்று விற்கிறார்கள். வயதானவர்களுக்கான கிட்டில் கழுத்துத் தலையணை, கண்ணை மறைக்கும் பட்டை, காதடைப்பான், சின்ன டார்ச், ஏழு அறை வைத்த மருந்துப் பெட்டி இவ்வளவும் இருக்கும். அந்தப் பெட்டியைக் காலியாக அனுப்பாமல், அறைக்கு மூன்றாக மாத்திரை அளவு மிட்டாய் போட்டு அனுப்பலாம் என்பது சின்னவளின் யோசனை. வெறும் பெட்டி போட்டோவில் அழுது வடிந்தது. கலர் கலராக மிட்டாய் போட்டதும் கிட் பறந்தது.

"மருந்து வைக்கிற இடத்துல மிட்டாய் வைக்கிறது எனக்கு சரியாப்படலை," என்று பெரியவள் அப்போதே சொன்னாள். "உங்களுக்கு வியாபாரம் தெரியாதுக்கா," என்று சின்னவள் அவள் வாயை அடைத்துவிட்டாள். போதாததற்கு ஒரு அட்டையும் அச்சடித்துப் போட்டாள்: 'பெட்டியைத் திறங்க, ஒரு மிட்டாயை வாயில போடுங்க, பயணத்தை ஆரம்பிங்க!' நல்ல யோசனைதான், போங்கள்.

இன்று காலை ஜன்னலோர வெளிச்சத்துக்காக மிட்டாய்ப் பெட்டி ஒன்றை இதே மேசைக்குக் கொண்டுவந்து போட்டோ எடுத்தாள். பக்கத்திலேயே அத்தையின் பெட்டி. அதுவும் கடைச் சரக்கில் இருந்து எடுத்ததுதான், அதே அச்சு, அதே நிறம். போனில் வந்த படத்தை ரசித்துக்கொண்டே கைக்கு வந்த பெட்டியைத் தூக்கிப் போய்க் கிட்டில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அக்கா, அத்தையோட மாத்திரையை நான் யாருக்கோ அனுப்பிட்டேன். மிட்டாய்னு நினைச்சு சாப்பிட்டுடுவாங்க."

"இன்னைக்கு எத்தனை கிட் போச்சு?" என்று மட்டும் கேட்டாள் பெரியவள்.

மூன்று. முதல் ஆளுக்குப் பார்சல் இன்னும் போய்ச் சேரவில்லை. வந்தால் பிரிக்கவே வேண்டாம் என்று சின்னவள் கெஞ்சினாள். இரண்டாவது ஆள் பிரித்து, மிட்டாயும் தின்று, நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். மூன்றாவது போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சின்னவள் கடையின் மெசேஜ்களைத் திறந்தாள். மூன்றாவது கிட்டை வாங்கிய அம்மாள் நேற்று கேட்டிருந்தாள்: 'மதிய ரயிலில் அப்பாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன். காலையிலேயே கிடைக்குமா?' அதற்குக் கீழே சின்னவளின் பதில், ஒரு சிரிப்புப் பொம்மையோடு: 'கண்டிப்பாக! குட்டிக்குப் பெட்டியில் மிட்டாயும் இருக்கு!'

குழந்தை. அந்த வார்த்தையைப் படித்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். அத்தையின் சர்க்கரை மாத்திரையை ஒரு குழந்தை தின்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அழுறதை அப்புறம் வச்சுக்க. செருப்பைப் போடு. அத்தை, மாத்திரை அட்டையில இருந்து இன்னைக்கு உள்ளதை எடுத்து வச்சிருக்கேன், முழுங்குங்க. அந்தப் பெட்டியை இப்படிக் குடுங்க."

ரயில் நிலையத்துக்கு வாடகைக் காரில் ஏறியதிலிருந்து சின்னவள் போனைக் காதில் இருந்து எடுக்கவே இல்லை. ஒவ்வொரு சிக்னலும் சொல்லி வைத்தாற்போல் சிவப்பானது. முன்னால் போன லாரிக்காரன் ஏதோ ஊர்வலம் போகிறவன் மாதிரி ஊர்ந்தான். எடு தாயே, எடு தாயே என்று அவள் வாய்விட்டே முணுமுணுத்தாள். பெரியவள் தன் போனில் டாக்டரைப் பிடித்து, குழந்தை தின்றிருந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணுமாம்," என்று திரும்பிச் சொன்னாள்.

ரயில் நிலையத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மதிய வண்டி நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. முகம் தெரியாது, ரயில் பெட்டி எண் தெரியாது.

"மஞ்சளைப் பாரு!" என்று கத்தினாள் பெரியவள். "நம்ம பையைத் தேடு!"

கிட் பைகளைத் தைத்த அந்த மஞ்சள் துணி பெரியவள் வாங்கியது. யாருமே சீந்தாமல் கிடந்த துணி, மலிவாக வந்தது என்று மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினாள். கண்ணைக் குத்துகிறது, எவளாவது இதைத் தோளில் போடுவாளா என்று சின்னவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த மஞ்சளைத் தேடி ஜன்னல் ஜன்னலாக ஓடினாள். அதோ, நாலாவது பெட்டியில், ஜன்னல் கம்பிக்குள்ளே தீப்பிடித்த மாதிரி தெரிந்தது.

உள்ளே ஏறினார்கள். பை ஒரு பெரியவரின் காலடியில் கிடந்தது. பக்கத்தில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை, மடியில் மருந்துப் பெட்டி. ஒரு அறை திறந்திருந்தது.

"கண்ணு, அதுல இருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

குழந்தை மிரண்டுபோய் மூடியிருந்த கையை விரித்தது. எச்சிலில் ஊறிய ஒரு ரோஸ் மாத்திரை, சாயம் மட்டும் லேசாகக் கரைந்திருந்தது.

"துப்பிட்டேன். கசக்குது. இந்த மிட்டாய் நல்லாவே இல்ல."

சின்னவள் பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். மற்ற ஆறு அறைகளும் நிறைந்திருந்தன. திறந்த அறையில் ஒரு மாத்திரை, குழந்தையின் கையில் ஒன்று. மூன்றாவதைக் காணோம்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"தாத்தாவுக்குக் குடுத்தேன்."

தாத்தா கழுத்துத் தலையணையில் சாய்ந்து, கண்ணில் பட்டையோடு அசையாமல் இருந்தார். "ஐயா!" என்றாள் சின்னவள். அசைவில்லை. தோளைத் தொட்டாள், உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"யாரு நீங்க? என் அப்பாவை என்ன பண்றீங்க?" தண்ணீர் பாட்டிலோடு வந்த மகள் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அதற்குள் பெரியவள் குனிந்து அவர் காதில் இருந்த அடைப்பானை உருவினாள். அதுவும் இவர்கள் சரக்குதான். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்று விளம்பரத்தில் எழுதியதும் இவர்கள்தான். தாத்தா திடுக்கிட்டுக் கண்பட்டையை மேலே தூக்கினார்.

"என்ன, ஊர் வந்துடுச்சா?"

"ஐயா, பாப்பா குடுத்த மிட்டாயைச் சாப்பிட்டீங்களா?"

அவர் பேத்தியை ஓரக்கண்ணால் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "எனக்கு சர்க்கரை இருக்கும்மா. இனிப்பு ஆகாது. குழந்தை ஆசையாக் குடுத்தா, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை." சட்டைப் பையில் விரலை விட்டு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினார்.

சின்னவள் அப்படியே எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் இருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது.

பெரியவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல மகளின் முகம் சிவந்தது. "மாத்திரையா? என் பொண்ணு வாயில போட்டாளே! யாரு இதை உள்ள வச்சது?"

"நான்தான்ம்மா பேக் பண்ணுவேன், அது..." என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"இல்லக்கா." சின்னவள் எழுந்தாள். "நான்தான் வச்சேன். மிட்டாய் போடுறதும் என் யோசனை. அக்கா அப்பவே வேண்டாம்னாங்க, நான் கேக்கலை. டாக்டர்கிட்ட நீங்களே பேசுங்க. அவர் இறங்கச் சொன்னா கூடவே வர்றேன். அப்புறம் எங்க கடையைப் பத்தி என்ன எழுதணுமோ எழுதுங்க."

டாக்டர் போனில் எல்லாவற்றையும் கேட்டார். துப்பிவிட்டதால் பயமில்லை என்றார், போகிற வழியில் குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். மகள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அப்போ என் மிட்டாய்?" என்றது குழந்தை.

மிட்டாய்ப் பெட்டி பெரியவளின் கைப்பையில்தான் இருந்தது. எடுக்கப்போன கையைச் சின்னவள் பிடித்துக்கொண்டாள். நடைமேடைக் கடைக்கு ஓடி, காகிதம் சுற்றிய மிட்டாய் வாங்கி வந்தாள். "மிட்டாய்னா இப்படிக் காகிதத்துல சுத்தித்தான் இருக்கும், கண்ணு. இந்த மாதிரிப் பெட்டியில இருந்தா எடுக்கவே கூடாது." சொல்லும்போது அவளுக்கே நாக்கு கூசியது.

வீட்டுக்கு வந்ததும் கட்டி வைத்திருந்த கிட்டையெல்லாம் பிரித்து, பெட்டிகளைக் கவிழ்த்து மிட்டாயைக் கொட்டினார்கள். மேசைமேல் குவியல் ஏறியது. பேத்தி தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்ததைப் பெரியவள் சொல்ல, மாமியார் குவியலையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவரு சாப்பிடலையா?"

"இல்ல அத்தை," என்றாள் சின்னவள். "சர்க்கரை இருக்கு, இனிப்பு ஆகாதுன்னு பாக்கெட்டுல போட்டுக்கிட்டாராம். அதனாலதான் தப்பிச்சாரு."

மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒளித்து வைத்திருந்த இரண்டு மிட்டாயை எடுத்துக் குவியலோடு சேர்த்து வைத்தார்.