ஏழாம் குடிலின் சிவப்பு

நியான்சேராவைப் புதைத்த மறுநாள் காலை, ரோஜாத் தோட்டத்தின் ஏழாம் பசுமைக்குடிலில் இருந்த சிவப்பு ரோஜாக்கள் அத்தனையும் வெள்ளையாகிவிட்டன. அன்று நைவாஷா சந்தையில் தக்காளி விலை இறங்கியிருந்தது. ஏரியிலிருந்து ஏறிவந்த நீர்யானை ஒன்று யாருடைய வேலியையோ மிதித்துப் போட்டிருந்தது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அந்தத் தோட்டத்துப் பூக்களின் நிறங்களுக்கு அர்த்தம் சொல்வது நைரோபியிலிருக்கும் விற்பனை அலுவலகம். சிவப்பு காதல், மஞ்சள் நட்பு, இளஞ்சிவப்பு நன்றி என்று படம் போட்ட அட்டை ஒன்று தரம் பிரிக்கும் கொட்டகையில் தொங்கியது. நியான்சேராவின் தங்கை கெருபோ அதன் கீழே நின்றுதான் பூக்களை நீளம் பார்த்து அடுக்கிவந்தாள். குடிலுக்குள் போய்ப் பூ வெட்டும் பெண்களுக்கோ சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான். மருந்தடித்த குடிலின் கதவில் சிவப்புக் கொடி கட்டுவார்கள். காற்று தெளிந்து மேற்பார்வையாளர் கொடியை அவிழ்க்கும் வரை உள்ளே போகக் கூடாது. அந்த வருஷம் காதலர் தினத்துக்கு விமானம் காத்திருக்கிறது என்று, மேற்பார்வையாளன் ஒம்பாத்தி கொடியை முன்கூட்டியே அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். முதல் ஆளாக உள்ளே போன நியான்சேரா வரிசை முடிவதற்குள் விழுந்தாள். இதயம் பலவீனம் என்றது தோட்டத்து மருத்துவமனை. மூட்டை மக்காச்சோளத்தை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுகிறவளுக்கு இதயம் பலவீனமாம். சொல்கிறவனுக்கு வெட்கமில்லை என்றால் கேட்கிறவனுக்காவது மதி இருக்க வேண்டாமா?

ஒம்பாத்தி வேற்று ஆளும் இல்லை. சொந்த ஊரான கீசியில் இவர்கள் வீட்டுக்கு அடுத்த மலைச்சரிவுக்காரன். "அன்னிக்கு மருந்தே அடிக்கலம்மா, அப்புறம் கொடி எங்கேருந்து வரும்?" என்று துக்க வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றையும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தோட்டத்தின் சார்பில் ஒரு மலர்வளையம் வந்திருந்தது. ஏழாம் குடிலின் சிவப்பு ரோஜாக்கள், 'அன்புடன்' என்று எழுதிய நாடா. கெருபோ அதைப் புதைமேட்டிலிருந்து பிடுங்கி வாழைகளுக்கு நடுவே எறிந்தாள். ஆடுகள் சுற்றிவந்து மோந்து பார்த்துவிட்டு அப்பால் போயின.

ரோஜாக்கள் வெளுத்த செய்தி கேட்டு அலுவலகம் ஒரு பகல் மட்டும் திகைத்தது. அதற்குப் பிறகு அட்டையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: வெள்ளை, தூய காதல். விற்பனை அமோகம். கெருபோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பூ துக்கம் கொண்டாடுது, அதுக்கும் இவனுங்க கல்யாணப் பேரு வைக்கிறானுங்க" என்றாள், பக்கத்தில் நின்று கட்டுக் கட்டிய மொராவிடம்.

"கத்தாதே. நம்ம கண்ணீரையும் புட்டியில அடைச்சு வித்துருவாங்க" என்றாள் மொரா.

மழை வந்து போவதற்குள் ஏழாம் குடிலின் குணம் பெண்களுக்குப் பிடிபட்டுவிட்டது. மருந்தடித்ததும் ரோஜாக்கள் அடிக்காம்பு வரை சிவக்கும், காற்று தெளிந்ததும் வெளுக்கும். கொடி கட்டியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதை விட்டார்கள். பிளாஸ்டிக் சுவர் வழியாக நிறத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு என்றால் வெளியிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். வெயில்தான் காரணம் என்று ஒம்பாத்தி மேலிடத்துக்குச் சொல்லிவைத்தான். மேலிடமும் வெயிலை நம்பியது. சம்பளம் கேட்காத சாட்சி அல்லவா?

அடுத்த பிப்ரவரியில், காதலர் தினத்துக்கு முந்தைய வாரம், சிவப்பு வேண்டும் என்று அலுவலகம் ஒற்றைக் காலில் நின்றது. விடிந்தபோது ஏழாம் குடில் முழுக்கச் சிவந்திருந்தது. கதவில் கொடி இல்லை. ஒம்பாத்தி கைதட்டிக்கொண்டு வந்தான்.

"கடவுள் கண்ணைத் தொறந்துட்டாரு. சிவப்பு திரும்பிடுச்சு. ம், வாளியை எடுங்க, உள்ள போங்க."

ஒருத்தியும் அசையவில்லை. கெருபோ தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து கையுறையோடு இறங்கி வந்தாள்.

"மருந்து அடிச்சீங்களா, அண்ணே?"

"எத்தனை வாட்டி சொல்றது? அடிக்கல. நல்ல காத்து."

"அப்படின்னா நீங்க போய் ஒரு பூ வெட்டிட்டு வாங்க. ஒண்ணு போதும். நாங்க பின்னாலயே வர்றோம்."

"மேற்பார்வை பாக்குறவன் பூ வெட்டுவானா?"

"எங்க அக்கா போன வரிசை வரைக்கும் போயிட்டு வாங்க. வெட்டக்கூட வேணாம்."

வாளிகளோடு நின்ற பெண்கள் அனைவரும் அவனைப் பார்த்தார்கள். ஒம்பாத்தி சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. கதவருகே போய்த் தாழ்ப்பாளை நகர்த்தினான். கதவு ஒரு விரல் அகலம்தான் திறந்தது. அதற்குள் அவன் கை தானாக எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டது.

பொத்திய பிறகுதான் அவனுக்கே அது தெரிந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் மூச்சு விட வேண்டும். அப்படியே கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினான்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு வருஷமா, அண்ணே?" என்றாள் கெருபோ. மொரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனை தன் சொல்லை மாற்றவில்லை, அலுவலகமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர்களிடம் அதை எதிர்பார்ப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனால் கீசியின் அந்த மலைச்சரிவில் நியான்சேரா இதயத்தால் செத்தாள் என்று சொல்ல இன்று ஒரு வாயும் கிடையாது. அடுத்த மழைக்காலத்தில் எட்டாம் குடிலும் ஒன்பதாம் குடிலும் அதே குணத்துக்கு வந்தன. ஒம்பாத்தி மூக்கைப் பொத்திய அன்று காலை விமானம் பாதிக் காலிப் பெட்டிகளோடு கிளம்பியது. பெண்கள் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள், தேநீர் ஒரு சுற்று வந்தது. ரோஜாக்கள் வெளுத்த பிறகு உள்ளே போனார்கள்.