பன்னிரண்டும் இடது கால்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் பேட்டர்ன் அறையில் நான் உட்கார்ந்திருந்தது இரவல் நாற்காலி. அதற்கு முன் நான்கு வருஷம் பேக்கிங் ஹாலில் ஷூவைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த தோல் வெட்டும் மெஷினுக்கு, ஷூ துண்டுகளின் வடிவத்தை வரைந்து வைத்திருந்த எங்கள் பழைய பேட்டர்ன் ஃபைல்கள் பிடிக்கவில்லை. அறுநூறு ஃபைலையும் தனக்குப் புரிகிற டிஎக்ஸ்எஃப் என்ற வகை ஃபைலாக மாற்றிக் கொடுத்தால்தான் வெட்டுவேன் என்று அடம்பிடித்தது. சென்னையில் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மேனேஜர் இஷ்தியாக் அகமது சொன்னபோது, வாய் சும்மா இருக்காமல், "நான் பண்றேன் சார்" என்றேன். கம்ப்யூட்டர் டிகிரி வாங்கிவிட்டு அட்டைப்பெட்டி மடிக்கிறவளுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

"மொதல்ல ஒரு மாடல மாத்து. ஆறு ஜோடி வெட்டிப் பாப்போம். சரியா வந்தா இந்த சீட் ஒனக்கு. வரலன்னா பேக்கிங்குக்கே போய்டு" என்றார்.

மாற்றினேன். ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் அச்செடுத்து, கையால் வெட்டுகிறவர்கள் வைத்திருந்த பழைய பேட்டர்ன் அட்டையின் மேல் வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஜோடிக்குப் பன்னிரண்டு என்று மெஷினில் போட்டுவிட்டு, எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் தையல் பிரிவு சூப்பர்வைசர் ஆரோக்கியமேரி அக்கா கை நிறையத் தோல் துண்டுகளோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா ஹஃப்ஸா இது? பன்னெண்டும் இடது காலு. வலது எங்க?"

எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் என்றால் இடது காலுக்கு மட்டும்தான் வரைவார்கள். கையால் வெட்டுகிறவர்கள் அதே அட்டையைத் திருப்பிப் போட்டு வலது காலுக்கும் வெட்டிக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எந்த ஃபைலிலும் எழுதி வைக்கவில்லை. மெஷினுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவள் நான்.

இஷ்தியாக் சார் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பேஜாரான மெஷின நம்ம தலையில கட்டிட்டான்!" என்று மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டார்.

நான் பேசாமல் இருந்தால் போதும், பழி அவர்கள் மேல் போய்விடும். அந்த ஆசை எனக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மீதி ஃபைல்களிலும் இதே கதைதானே.

"போன வைங்க சார். மெஷின் மேல தப்பு இல்ல. ஃபைல்ல இடது மட்டுந்தான் இருக்குது. வலது தனியா போடணும்னு எனக்குத் தோணல. என் தப்பு."

அவர் போனை வைத்தார். "வெட்டின தோலு?"

"வீணாவாது சார். பன்னெண்டு வலது வெட்டினா பன்னெண்டு ஜோடி ஆய்டும். ஒரு மணி நேரம் குடுங்க."

"கேட்டது ஆறு, குடுக்கறது பன்னெண்டு. தாராள மனசு" என்றார் ஆரோக்கியமேரி அக்கா.

சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாகக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, 'வலது' என்று பெயர் போட்டுச் சேமித்தேன். கடைசித் துண்டில் கம்பெனி பெயரும் சேர்ந்து திரும்பிவிட்டது. அதை மட்டும் அழித்து நேராகப் போட்டேன்.

"இத கவனிச்சியா நீ?" என்றார்.

"இப்பல்லாம் எல்லாத்தையும் ரெண்டு தடவ பாக்கறேன் சார்."

மெஷின் வெட்டி முடித்தது. ஆரோக்கியமேரி அக்கா ஒரு இடதையும் ஒரு வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் தைக்க அள்ளிக்கொண்டு போனார். சார் மறுபடி போனை எடுத்தார்.

"பேக்கிங்கா? ஹஃப்ஸா இனி அங்க வர மாட்டா. வேற ஆளப் பாத்துக்கோங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அடுத்த ஃபைலைத் திறந்தேன்.